இரவில் சிற்றுண்டி மட்டும்

என் வீட்டுக்காரர் வயிற்றைக் கிழிக்க வைத்தது நீங்கள்தான். கத்தியைப் பிடித்தவர் வேறு டாக்டர். ஆனால் அந்த மேசையில் அவரை உயிருக்கு ஆபத்தான நிலையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது, வாரப் பத்திரிகையில் வாசகர்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்த நீங்கள். உங்கள் பெயரை நான் எழுதவில்லை. பத்திரிகையின் பெயரையும் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுகிற கொட்டகையில் நான் இருந்தேன். அவர் சூளையில் இருந்தார். ஜாடிகளையும் பொம்மைகளையும் கனமான மண்பெட்டிகளில் அடுக்கி, அந்தப் பெட்டிகளைத் தலை உயரத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது அவர் வேலை. அதற்குள் பதினாறு வருஷம் ஏற்றிவிட்டார். ஒருநாள் அடிவயிற்றில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வந்தது. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்து நின்றால் வெளியே வரும். குடலிறக்கம் என்றார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் அவரை நிற்க வைத்து, "இருமுய்யா" என்றார். இருமினார். அமுக்கிப் பார்த்தார். பிறகு தொப்பையை இரண்டு கையாலும் மாவு மாதிரி பிடித்து ஆட்டினார்.

"இவ்ளோ கொழுப்ப வெச்சிக்கிட்டுத் தைச்சா தையல் நிக்காது. பத்து கிலோ எறக்கிட்டு வா. மூணு மாசம் டைம்."

"எப்படிங்க எறக்கறது?" என்று நான் கேட்டேன்.

"சாப்பாட்டக் கொறை" என்றவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் கதவுக்குப் போன பிறகு என்னை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். "இந்தாம்மா, இது உள்ள போவாம வெளியவே நின்னுட்டா, வாந்தியும் எடுத்தா, வூட்ல வெச்சிருக்காத. அப்படியே தூக்கிட்டு வந்துடு. குடல் செத்துப் போயிடும்."

குடல் செத்துப் போயிடும். அந்த மூன்று வார்த்தையோடுதான் நான் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு என் சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாமே அந்த மூன்று வார்த்தைக்குள்தான் நடந்தது. வேலை விட்டு வந்ததும் அவர் பாயில் மல்லாந்து படுப்பார். நான் அடுப்படியிலிருந்தே கேட்பேன்.

"உள்ள போச்சா?"

"போச்சு."

அந்தப் பதில் வர அரை நிமிஷம் தாமதமானால் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். அவர் சிரிப்பார். "ஏண்டி, கோழி முட்டை போடுச்சான்னு பாக்கற மாதிரி பாக்கற?" என்பார். எனக்குச் சிரிப்பு வராது.

கம்பெனி மேஸ்திரி நல்ல மனுஷன்தான். மூன்று மாதத்துக்கு அவரைச் சூளையிலிருந்து எடுத்து, உட்கார்ந்து பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றுகிற வேலையில் போட்டார். "மூணு மாசம்தாம்மா. அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத. சூளைக்கு ஆளு வேணும்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். ஆகவே மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைய வேண்டும், ஆபரேஷன் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புடைப்போடு மறுபடியும் மண்பெட்டி தூக்க வேண்டும்.

சாப்பாட்டைக் குறை என்றால் எதைக் குறைப்பது? அந்த டாக்டர் சொல்லவில்லை. எங்கள் சாப்பாடு நல்ல சாப்பாடா, கெட்ட சாப்பாடா என்றே எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு டீச்சர் வீட்டில் உங்கள் பத்திரிகை வாங்குவார்கள். கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கம் உங்களுடையது. பெரிய படிப்புப் படித்தவர், பட்டணத்தில் இருப்பவர், கேட்டால் சொல்லுவார் என்று நம்பினேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். ஒரு கார்டு வாங்கி நானே எழுதினேன். என்ன எழுதினேன் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது:

"காலையில் பழைய சோறு, மோர், வெங்காயம். மதியம் சோறு, பருப்பு அல்லது காரக்குழம்பு, கீரை. இரவு சோறு, மீதிக் குழம்பு. ஞாயிறு கருவாடு. என் கணவருக்கு வயது முப்பத்தெட்டு, சூளை வேலை, எடை எண்பத்து நாலு கிலோ. குடலிறக்க ஆபரேஷனுக்காக இளைக்க வேண்டும். இது சத்தான சாப்பாடுதானா? இதில் இளைப்பாரா?"

என் தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறைக்க மாட்டேன். அவர் டவுசர் பாக்கெட்டில் எப்போதும் வறுத்த மல்லாட்டை இருக்கும். பட்டணத்தில் அதை வேர்க்கடலை என்பீர்கள். வேப்பூர் பக்கம் எங்கள் அப்பாவின் கொல்லைக்காட்டில் விளைவது. வேலை செய்துகொண்டே ஒன்றொன்றாக உடைத்து வாயில் போடுவார், பொழுது சாய்வதற்குள் பாக்கெட் காலியாகும். அதை நான் எழுதவில்லை. நாலு வேளை டீயையும், அதில் போடுகிற சர்க்கரையையும் எழுதவில்லை. ஒளித்து வைக்கவில்லை. மல்லாட்டையைச் சாப்பாடு என்று யாராவது சொல்லுவார்களா? வேலை மாறிவிட்டதையும் எழுதவில்லை. சூளை வேலை என்றே எழுதினேன். கார்டில் இடமும் இல்லை.

இரண்டாவது வாரமே பதில் வந்தது. டீச்சர் ஓடிவந்து காட்டினார். மூன்றே வரி.

"நீங்கள் எழுதியுள்ள உணவு சரிவிகிதமானதே. மதியம் சோற்றைப் பாதியாகக் குறைத்து, இரவில் சாப்பாட்டைத் தவிர்த்துச் சிற்றுண்டி மட்டும் கொடுங்கள். எடை தானே குறையும், கவலை வேண்டாம்."

கவலை வேண்டாம் என்ற இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சரிடம் கேட்டுப் பக்கத்தைக் கத்தரித்து வாங்கிச் சமையல் சாமான் அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

சிற்றுண்டி என்றால் என்ன என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பலகாரம். எங்கள் பக்கத்தில் கிருத்திகைக்கோ சனிக்கிழமைக்கோ ஒருபொழுது இருப்பார்கள். ராத்திரி சோறு தொட மாட்டார்கள், பலகாரம் சாப்பிடுவார்கள். ஒருபொழுது என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. சோறு இருக்கக் கூடாது என்றுதான் அர்த்தம். சாமியே ஒத்துக்கொள்கிற பட்டினி அது. டாக்டரும் அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருபொழுது.

சோறு போகிற வயிற்றில் பலகாரம் போனால் நிறைய வேண்டாமா? அது லேசு, நிற்காது. சாதாரண நாளில் எங்கள் வீட்டில் இட்லி ஏது? தீபாவளிக்கு உண்டு, பொங்கலுக்கு உண்டு. அந்த வருஷம் ரேஷனில் அரிசி குறைந்து கோதுமை தந்தார்கள். அப்பா வீட்டிலிருந்து செக்கில் ஆட்டிய எண்ணெய் டின்னில் வந்தது. ஆகவே ஒருநாள் பூரியும் உருளைக்கிழங்கும். மறுநாள் அடை, ஓரமெல்லாம் எண்ணெய் விட்டு. அதற்கு மறுநாள் இட்லி, மல்லாட்டைத் துவையலோடு. கம்பெனியிலிருந்து வந்து கை கால் வலிக்க மாவு ஆட்டினேன். மதியம் பாதிச் சோறு சாப்பிட்டவர் பொழுது சாய வருவதற்குள் பசியில் கண் பஞ்சடைந்து போயிருப்பார். பத்துப் பூரி சாப்பிடுவார். நான் இன்னும் இரண்டு வைப்பேன்.

"போதும், புள்ள."

"சாப்புடுங்க. சோறா இது?"

மதியம் பாதி சோற்றோடு பருப்பும் கீரையும்கூடப் பாதியாகிவிட்டது. சோறு குறைந்தால் பிசைந்துகொள்வதும் குறையும். எது நல்லதோ அதைப் பாதியாக்கினேன். எது கெடுதலோ அதை மூன்று மடங்காக்கினேன். அலமாரிக் கதவில் உங்கள் மூன்று வரி. அதைத் தினமும் பார்த்துக்கொண்டே செய்தேன்.

இதற்கு நடுவில் அவர் தங்கச்சி சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தாள். கை நிறைய முறுக்கும் அதிரசமும். அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னா அண்ணி, ராத்திரிக்கு எங்கண்ணனுக்குச் சோறு போடறது இல்லியாமே? பஸ்ஸுல வரும்போதே சொன்னாங்க."

"டாக்டர் சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டரு? பேப்பர்ல இருக்கறவரா? அவரு வந்து நாடி புடிச்சுப் பாத்தாரா? ஒரு வாய் சோத்துக்கு எங்கண்ணன் கையேந்தற மாதிரி ஆக்கிட்டியே."

எனக்கு ரோஷம். பட்டினி போடவில்லை என்று காட்ட வேண்டும். அன்றைக்கு அவள் எதிரில் இலை போட்டுப் பன்னிரண்டு பூரி வைத்தேன், அவள் கொண்டு வந்த அதிரசம் இரண்டும் வைத்தேன். அவளே உட்கார்ந்து அண்ணனுக்குப் பரிமாறினாள். அவரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

எடை பார்க்க ஊரில் எங்கே போவது? கம்பெனியில் களிமண் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. சனிக்கிழமைதோறும் அவர் அதில் ஏறி நிற்பார். தராசுக்காரன் இளவட்டம், வாய்த் துடுக்கு.

"எண்பத்தஞ்சு. என்னாண்ணே, போன வாரம் எண்பத்து நாலரதான?"

"செருப்பு போட்டிருக்கேன்டா."

"போன வாரமும் போட்டிருந்த."

அடுத்த வாரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எண்பத்தைந்தரை. அதற்கடுத்த வாரம் எண்பத்தாறு. கொட்டகையிலிருந்து பொம்பளைங்க எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, களிமண்ணுகூட மழையில நனைஞ்சாத்தான் எடை ஏறும். நீ காயற வெயில்ல ஏறுற. உன்னயும் கலக்கி ஒரு ஜாடி பண்ணிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் கையில் இருந்த பொம்மைக்குப் புருவத்தைக் கோணலாக எழுதிவிட்டேன். அன்றைக்கு மதியச் சோற்றை இன்னும் ஒரு பிடி குறைத்தேன். வேறு என்ன குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாடு என்று இருந்தது அது ஒன்றுதான். தராசு தப்பு என்று நினைத்தேன். வீக்கத்தின் எடை என்று நினைத்தேன். எடை தானே குறையும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், அந்த வரி தப்பு என்று மட்டும் ஒரு நாளும் நினைக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்தபோது எண்பத்தேழு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "போயி? பத்து கொறைக்கச் சொன்னாரு, மூணு ஏத்திட்டு வந்திருக்கேன்னு சொல்றதா? அசிங்கமா இருக்கும். இன்னும் ஒரு மாசம் பாப்போம்" என்றார். நானும் சரி என்றேன். அது என் இரண்டாவது தப்பு. மேஸ்திரி சொன்னபடியே செய்தார். அவரைச் சூளைக்குத் திருப்பி அனுப்பினார்.

நாலாவது நாள் காலையில், பதினொரு மணி இருக்கும். சூளைப் பக்கத்திலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான். அவர் நிழலில் சாக்கின் மேல் மல்லாந்து கிடந்தார். முகம் வெளுத்து வேர்வை ஊற்றியது.

"உள்ள போச்சா?"

"போவல."

கையை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அதற்குள் வாந்தி எடுத்தார். குடல் செத்துப் போயிடும். எனக்குக் கால் ஓடவில்லை, ஆனால் வாய் ஓடியது. மேஸ்திரியைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். திட்டத் திட்டவே அவர் வெளியே ஓடி, பொம்மை ஏற்றிப் புறப்பட்டுக்கொண்டிருந்த லாரியை நிறுத்தினார். வைக்கோல் பெட்டிகளுக்கு நடுவில் என் வீட்டுக்காரரைப் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ரோடு நெடுகப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டார், அது இன்னும் பயமாக இருந்தது. பேசுங்க, பேசுங்க என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே போனேன்.

அதே டாக்டர்தான். பார்த்ததும் என்னைத் திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. அன்றைக்கே வயிற்றைத் திறந்தார். ஒரு முழம் குடலை வெட்டி எடுத்துவிட்டதாகச் சொன்னார். பிழைப்பாரா என்று கேட்டேன். "மூணு நாள் போவட்டும்" என்றார். மூன்று நாள் போனது. பிழைத்தார். தையல் சீழ் பிடித்து ஒன்றரை மாதம் கிடந்தார், ஆனால் பிழைத்தார்.

அங்கே ஒரு நர்ஸம்மா இருந்தார். சீட்டில் எழுதுவதற்காக என்னிடம் கேட்டார்.

"வூட்ல ராத்திரிக்கு என்ன சாப்புடுவாரு?"

"மூணு மாசமா ராத்திரி சாப்பாடே கெடையாதுங்க. பலகாரம்தான்."

"என்ன பலகாரம்?"

"பூரி, அடை, இட்லி."

"எத்தினி பூரி?"

"பத்து, பன்னெண்டு."

நர்ஸம்மா பேனாவை மூடினார். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஏம்மா, பன்னெண்டு பூரி சாப்பாடு இல்லியா?"

"சோறு ஒரு பருக்கைகூடத் தொடலீங்க. சத்தியமா" என்றேன்.

நான் அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அந்தக் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மல்லாட்டை வந்தது, டீ வந்தது, அதிரசம் வந்தது, வைக்கோல் சுற்றுகிற வேலையும் வந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. எத்தனை என்று கேட்டார், எதில் பொரித்தாய் என்று கேட்டார், வேறு என்ன வாயில் போடுகிறார் என்று கேட்டார். அவ்வளவுதான். "பேர வெச்சு சாப்பாட்ட அளக்காத. கிண்ணத்த வெச்சு அள" என்றார்.

அப்படியே அளந்தேன். கம்பெனியில் விளிம்பு கோணிப்போன கிண்ணங்களைக் கழித்துப் போடுவார்கள். அதில் ஒன்றை எடுத்து வந்தேன். காலையில் கேழ்வரகுக் கூழ் ஒன்றரைக் கிண்ணம், மோர் விட்டு. மதியம் ஒன்றரைக் கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் பருப்பு, கீரையும் காயும் அவர் கேட்கிற வரைக்கும். மல்லாட்டை ஒரு கைப்பிடி, அதுவும் சாப்பாடுதான் என்று சொல்லித் தட்டில் வைத்துக் கொடுப்பேன். ராத்திரி மூன்று இட்லி, அல்லது ஒரு கிண்ணம் சோறு. சோறு விஷமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எட்டு மாதத்தில் எழுபத்தாறு கிலோவுக்கு வந்தார். இளைக்கச் சொல்லி யாரும் கேட்காதபோது வந்தார். மண்பெட்டி தூக்க இனி முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சூளையில் பேர் எடுத்த ஆள், மிச்ச வருஷமெல்லாம் வைக்கோல் சுற்றினார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தே உங்களுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்தத் தடவை கார்டு இல்லை, நாலு பக்கம். நடந்ததை எல்லாம் எழுதி, என் தப்பையும் எழுதி, ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். சிற்றுண்டி என்றால் எது, எத்தனை என்று உங்கள் பக்கத்தில் போடுங்கள், என்னைப் போல இன்னொருத்தி பூரி சுட்டுக்கொண்டிருப்பாள் என்று கேட்டேன். அச்சடித்த கார்டு ஒன்று வந்தது. பொதுநலன் உள்ள கடிதங்களே வெளியிடப்படும் என்றது. என் வீட்டுக்காரர் குடல் பொதுநலன் இல்லை. இரண்டு மாதம் கழித்து வேறு ஊர்ப் பொம்பளை ஒருத்திக்கு, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு இளைக்க வேண்டியவளுக்கு, அதே பதிலைக் கொடுத்திருந்தீர்கள். இரவில் சிற்றுண்டி மட்டும். டீச்சர் வீட்டு வாசலில் நின்று அதைப் படித்தேன். அவள் யாரோ, என்ன ஆனாளோ.

உங்கள் வீட்டில் சிற்றுண்டி என்றால் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால். தினம் மூன்று வேளையும் மேசைமேல் வேண்டியது இருக்கிற வீட்டில் அந்த வார்த்தைக்கு அளவு தானாக வந்துவிடும். வருஷத்தில் இரண்டு நாள் இட்லி பார்க்கிற வீட்டில் அது வராது. எழுதியவள் சூளைக்காரன் பெண்டாட்டி என்று கார்டிலேயே இருந்தது. நான் எழுதாமல் விட்டது என் தப்பு, அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். கேட்காமல் விட்டது யார் தப்பு? ஒரு கார்டைப் பார்த்து, தட்டைப் பார்க்காமல், ஆளைப் பார்க்காமல், சரிவிகிதம் என்று எப்படிச் சொன்னீர்கள்?

இவ்வளவு வருஷம் கழித்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் பதில்களையெல்லாம் திரட்டிப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிறது. பணம் கொடுத்து வாங்கவில்லை, நின்றுகொண்டே புரட்டினேன். அந்த மூன்று வரி ஓர் எழுத்து மாறாமல் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஒரு பொண்ணு பெண்ணாடம் பஸ் ஏறினாள். நான் தடுக்கப் போவதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான்.

எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன். அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு, எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள். நீங்கள் இல்லையென்றால் இன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுதட்டும். அந்த மூன்று வரி யாருடைய தட்டைப் பார்த்து எழுதியது? அதைச் சொல்லுங்கள்.